மணல் வீட்டுக்கும் ஒரு சட்டம் வேண்டும்



மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் தாய்மாரின் உண்மையான கேள்விகள் வெளியே வரும். கடன், காணி, கணவரின் குடி என்று கேட்டு வந்தவர்கள் கடந்த சில வருடங்களாகப் புதிதாக ஒன்றையும் கேட்கிறார்கள். "பிள்ளை, இவள் போனுக்குள்ள வீடு கட்டுறாளாம். அதை ஆரோ உடைச்சுப்போட்டாங்களாம் எண்டு சோறும் தின்னாமல் படுத்திருக்கிறாள். இது என்ன வருத்தம்?" பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கேட்ட தாய் மட்டும் சிரிக்கமாட்டார். இந்த மாதம் அந்தத் தாய்க்காக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்ப்போம். இதன் பெயர் மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டில் 2009 இல் வெளிவரத் தொடங்கி 2011 இல் முழுமை பெற்றது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2023 ஆம் ஆண்டளவில் 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தன. விளையாட்டுக்குள் போனால் மண், கல், மரம், தண்ணீர் எல்லாம் சதுரக் கட்டைகளாக இருக்கும். அவற்றை வெட்டி எடுக்கலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம், ஆடு மாடு வளர்க்கலாம். இதைத்தான் செய்யவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இத்தகைய விளையாட்டுக்களை 'மணற்பெட்டி விளையாட்டு' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எங்கள் முற்றத்து மணலில் சிரட்டையால் சோறாக்கி, ஈர்க்கால் வேலி கட்டிய அதே விளையாட்டு கண்ணாடித் திரைக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென்று பல வீடுகளுக்குக் கைத்தொலைபேசி வந்து சேர்ந்தது. பாடம் திரும்ப வகுப்பறைக்குப் போய்விட்டது. தொலைபேசி வீட்டிலேயே நின்றுவிட்டது.

தனியே விளையாடும்வரை பிரச்சினை இல்லை. பலர் சேர்ந்து ஒரே உலகத்தில் விளையாடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்படிப் பலர் சேரும் இடத்தைச் சேர்வர் என்பார்கள். ஒருவர் தன்னுடைய கணினியிலோ, மாதக் கட்டணத்துக்கு எடுத்த கணினியிலோ அந்த உலகத்தைத் திறந்துவைக்கிறார். மற்றவர்கள் தங்கள் தங்கள் நாட்டிலிருந்து உள்ளே வருகிறார்கள். ஒருவர் வெளியே போனபின்பும் அந்த உலகம் இயங்கிக்கொண்டிருக்கும். அவர் கட்டிய வீடு அங்கேயே நிற்கும், அவர் இல்லாத நேரத்திலும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பெரியப்பா, மாமா வழிப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து ஒரு உலகம் திறந்தார்கள். கனடாவில் உள்ள பதினாறு வயது அண்ணன்தான் அதற்குச் சொந்தக்காரன். இவள் இரண்டு மாதமாக ஒரு வீடு கட்டினாள். கிணறு வைத்தாள், மாட்டுக்கொட்டில் வைத்தாள், முற்றத்தில் ஒரு மரம் நட்டு அதற்கு வேம்பு என்று தானே பெயர் வைத்தாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வீடு இல்லை. பெட்டகத்தில் சேர்த்திருந்த பொருட்களும் இல்லை. எங்களுக்கு நடுச்சாமம் என்றால் கனடாவில் பகல். இவள் உறங்கிய நேரத்தில் ஒரு பெடியனும் அவனுடைய பாடசாலைச் சிநேகிதனும் சேர்ந்து பகிடிக்கு உடைத்திருக்கிறார்கள். ஏன் என்று இவள் எழுதிக் கேட்க, சிரிப்புப் படங்கள் மட்டும் பதிலாக வந்தன.

அவள் அழுதாள். தாய்க்குக் கோபம் வந்தது. "நான் உண்மையான வீட்டையே விட்டிட்டு ஓடி வந்தனான். நீ உதுக்கு அழுறியோ?" என்று கேட்டுத் தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தத் தாயின் சொல்லில் 2009 இன் முழுப் பாரமும் இருந்தது. அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த வீட்டிலே அவளுடைய அண்ணனின் தொலைபேசி அவன் கையிலேயே இருந்தது. அவன் அதே உலகத்தில் தொடர்ந்து விளையாடினான். உடைத்தவர்களும் விளையாடினார்கள். வீட்டை இழந்தவள் மட்டுமே வெளியே நின்றாள்.

சகோதரிகளே, இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமானது. வழியில் யாரோ ஒருவன் சீண்டினால் பெண்பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கிறது. வேலையிடத்தில் தொல்லை என்றால் பெண் வேலையை விடுகிறாள். தவறு செய்தவனைத் திருத்துவது கடினம், பாதிக்கப்பட்டவளை அகற்றுவது சுலபம் என்பதால் நாம் சுலபமானதைச் செய்துவிடுகிறோம். விளையாட்டிலும் அதையே செய்தால் பிள்ளை அதையே பாடமாகப் படித்துக்கொள்வாள்.

பிறர் கட்டியதை உடைக்கும் இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. பெண்பிள்ளைகள் கட்டும் சிறிய மணல் வீட்டுக்குத் தமிழில் 'சிற்றில்' என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனிடம், எங்கள் சிற்றிலைக் காலால் சிதைத்துவிடாதே என்று சிறுமியர் வேண்டிக்கொள்ளும் பகுதி அது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இதே வேண்டுகோளுக்கென ஒரு பதிகம் இருக்கிறது. சிறுவயதில் மணல் வீட்டைக் காலால் கலைத்த ஒருவனைக் கலித்தொகைப் பெண்ணொருத்தி வளர்ந்த பின்பும் நினைவில் வைத்திருக்கிறாள். இலக்கியத்தில் இவை இனிமையானவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிறுமியர் ஒவ்வொரு முறையும் இரந்துதான் கேட்கிறார்கள். உடைத்தவன் திரும்பக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி இல்லை. கேட்பாரும் இல்லை.

சேர்வர்களில் இந்தச் செயலுக்கு 'கிரீஃபிங்' என்று பெயர். துயரம் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. இத்தனை காலம் பகிடி என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு விளையாடுபவர்களே துயர் செய்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தபின் விதியும் வைக்க முடிந்தது. அந்த விதிகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால் உங்கள் பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் விளையாடுகிறது என்று நீங்களே கணிக்கலாம்.

விதிகளில் முதல்வகை, உலகத்தின் இயல்பாகவே வைக்கப்படுபவை. சேர்வரைத் திறப்பவர் தொடக்கத்திலேயே இவற்றைத் தெரிவு செய்கிறார். ஒருவர் மற்றவரை அடிக்க முடியுமா, முடியாதா? இறந்துபோனால் கையில் இருந்த பொருட்கள் சிதறிவிடுமா, கூடவே இருக்குமா? சாதாரணமாக அவை இறந்த இடத்தில் சிதறி, ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். இதை மாற்றிவைத்தால் பொருள் பறிப்பதற்காக ஒருவரைக் கொல்லும் ஆசை குறையும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இரவைப் பற்றிய விதி. இரவில் தீய உருவங்கள் வரும். கட்டிலில் படுத்தால் விடிந்துவிடும். ஆனால் பலர் உள்ள உலகத்தில் எல்லோரும் படுத்தால்தான் விடியும். ஒருவர் மட்டும் படுக்க மறுத்தால் அத்தனை பேரும் இருட்டில் நிற்கவேண்டும். கணினிப் பதிப்பில் 2021 முதல் இதை மாற்றலாம். பாதிப்பேர் படுத்தால் போதும் என்றுகூட வைக்கலாம். சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் தீர்மானம் எடுக்கலாம் என்று நாங்கள் யாப்பில் எழுதிவைக்கிறோமே, அதே கேள்விதான். எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்றால் ஒருவரின் பிடிவாதம் ஊரையே கட்டிப்போடும். ஆகச் சிலர் போதும் என்றால் மற்றவரின் விருப்பம் காணாமற்போகும்.

இரண்டாவது வகை, எல்லை பற்றியது. கணினியில் நடத்தப்படும் பல பெரிய சேர்வர்களில் காணி அடைத்துக்கொள்ளும் முறை உண்டு. ஒரு தங்க மண்வெட்டியால் காணியின் எதிரெதிரான இரண்டு மூலைகளைத் தொட்டால் அந்தச் சதுரம் உங்களுடையதாகிவிடும். புதிதாக வந்தவர் முதற் பெட்டகத்தை வைத்ததுமே அதைச் சுற்றி ஒரு சிறு துண்டு தானாகவே அவர் பெயரில் பதிவாகும். விளையாடும் நேரத்துக்கு ஏற்ப மேலும் காணி கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு தடியை எடுத்து நிலத்தைத் தொட்டுப் பார்த்து, இது யாருடைய காணி என்று அறியலாம்.

நம்பிக்கையும் அங்கே படிப்படியாகத்தான் கொடுக்கப்படுகிறது. கதவைத் திறந்து உள்ளே வர மட்டும் ஒருவருக்கு அனுமதி கொடுக்கலாம். பெட்டகத்தைத் திறக்க இன்னொருவருக்கு. கட்டவும் உடைக்கவும் வேறொருவருக்கு. படலையைத் திறந்து வருகிறவரிடமெல்லாம் நாங்கள் அலுமாரித் திறப்பைக் கொடுப்பதில்லை. அந்த அறிவு பிள்ளைக்கு இந்த விதியால் வருகிறது.

யாருடைய பெயரில் பதிவு என்ற கேள்வியை வன்னிப் பெண்கள் இலேசாகக் கடந்துபோக முடியாது. குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதபோது பிள்ளைகளில் ஆணுக்கு முதலிடம், ஆண்களில் மூத்தவனுக்கு முதலிடம் என்பதே அதன் அட்டவணையாக இருந்தது. காட்டை வெட்டிக் கிணறு கிண்டிய பெண்ணும், அவள் பெற்ற மூத்த மகளும் பின்னால் நின்றார்கள். 2022 இல்தான் திருத்தச் சட்டம் வந்து இந்தப் பால் வேறுபாட்டை நீக்கியது. ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதாலே அது நீதியானதாகிவிடாது என்பதற்கு எங்கள் காணித் துண்டே சாட்சி. ஆகவே பிள்ளையின் விளையாட்டிலும் விதி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அந்த விதி யாரை முன்னுக்கு வைக்கிறது என்றும் கேட்கவேண்டும்.

மூன்றாவது வகை, பொதுவில் உள்ளதைப் பங்கிடுவது. சேர்வர் என்பது ஒரு கணினி. அதன் சக்திக்கு அளவு உண்டு. ஒரு பிள்ளை ஆயிரக்கணக்கில் கோழி வளர்த்தால், அல்லது ஓயாமல் ஓடும் பெரிய இயந்திரம் கட்டினால், அத்தனை பேருக்கும் உலகம் திக்கித் திக்கி நகரும். கோழி அவனுடையதுதான், காணியும் அவனுடையதுதான், ஆனால் தாமதம் எல்லோருக்கும் வருகிறது. அதனால் பல சேர்வர்களில் ஒருவர் இத்தனை பிராணிகள்தான் வளர்க்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது.

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதியில் விதைப்பது, எப்போது நீர் திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடித் தீர்மானிக்கிறார்கள். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் மறித்துக்கொண்டால் கடைசி வயல் காயும். தன் வயலுக்குத்தானே பாய்ச்சினேன் என்ற நியாயம் அங்கே எடுபடாது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதுபோன்ற பொது வளங்களை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்கப் பேராசிரியை பற்றி அறிந்தேன். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர்தான், 2009 இல். குளம், காடு, கடல் போன்றவற்றை மக்கள் தாமாகவே காப்பாற்ற முடியுமா என்று உலகெங்கும் பார்த்தார். 1990 இல் வெளிவந்த அவருடைய நூலில் எங்கள் நாட்டின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் ஆராயப்பட்டிருக்கிறது. நீண்டகாலம் நிலைத்த அமைப்புகளில் அவர் கண்ட பொதுத் தன்மைகள் சில: எல்லை தெளிவாக இருக்கும். விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு அதை மாற்றும் கூட்டத்தில் இடம் இருக்கும். கண்காணிப்பவர் மக்களுக்குப் பதில் சொல்லவேண்டியவராக இருப்பார். தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். பிணக்கு வந்தால் செலவில்லாமல் விரைவாகத் தீர்க்க ஓரிடம் இருக்கும்.

இதையே மைன்கிராஃப்ட் சேர்வர்களில் பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. சேத் ஃப்ரே, ரொபேர்ட் சம்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 5,000 சேர்வர்களை ஆராய்ந்து 2019 இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெருந்தொகையானோர் சேரும் சேர்வர்களில் வெற்றி பெற்றவற்றுக்கு விதிகள் கூடுதலாகவும் பலவகையாகவும் இருந்தன. தீய நடத்தையைக் கட்டுப்படுத்தும் விதியும், கணினியின் அளவான சக்தியைப் பங்கிடும் விதியும் அவற்றில் முக்கியமானவை. கூடவே, அதிகாரத்தை நிருவாகிகளின் கையில் குவிக்கும் விதிகளும் அங்கே அதிகம் இருந்தன. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சேர்வரை நடத்துபவருக்கு அந்த உலகத்தில் ஏறத்தாழ எல்லா வல்லமையும் உண்டு. யாரையும் வெளியேற்றலாம், எதையும் தோற்றுவிக்கலாம், யார் முன்னிலையிலும் திடீரென்று போய் நிற்கலாம். அந்த வல்லமையைத் தன் நண்பருக்கும் கொடுக்கலாம். நல்லவர் கையில் அது காவல். நண்பன் உடைத்தால் பகிடி, மற்றவர் உடைத்தால் வெளியேற்றம் என்று நடப்பவர் கையில் அது சண்டித்தனம். அதிகாரம் உள்ளவருக்கும் அதே விதி பொருந்துமா என்பதுதான் நல்ல சேர்வரையும் கெட்ட சேர்வரையும் பிரிக்கும் கோடு.

விதியே இல்லாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2010 டிசெம்பரில் தொடங்கிய '2பி2டி' என்ற சேர்வரில் உடைப்பதற்கும் கொள்ளையடிப்பதற்கும் தடை கிடையாது. புதிதாக வருபவர் கால் வைக்கும் இடத்தைச் சுற்றி நெடுந்தூரத்துக்கு வெறும் குழியும் பாழும்தான். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் யார் கண்ணிலும் படாத தொலைவில் ஒளித்துக் கட்டுகிறார்கள். அதை விரும்பி விளையாடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒளிந்திருப்பதுதான் பாதுகாப்பு என்ற உலகம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அதை விளையாட்டாகக்கூடக் கொடுக்கவேண்டியதில்லை.

நான்காவது வகை, தடயமும் தண்டனையும். நன்றாக நடக்கும் சேர்வர்களில் யார் எந்தக் கட்டையை எப்போது உடைத்தார் என்று பதிவாகும். முறைப்பாடு வந்தால் பதிவைப் பார்த்து, உடைந்ததை உடையாத நிலைக்கே திருப்பிவிடலாம். எங்கள் உண்மையான வாழ்க்கையில் இல்லாத வசதி இது. தண்டனை பெரும்பாலும் எச்சரிக்கையில் தொடங்கி, பேசத் தடை, சில நாள் தடை, நிரந்தரத் தடை என்று ஏறும். தவறையும் விபத்தையும் பிரித்துப் பார்ப்பதும் அங்கே முக்கியம். கிரீப்பர் என்று ஒரு பச்சை உருவம் ஆளைத் துரத்திவந்து வெடிக்கும். அது உங்களைத் துரத்திவந்து அயலவர் வீட்டருகில் வெடித்தால் சுவர் போய்விடும். நீங்கள் உடைக்கவில்லை. ஆனால் உங்களைத் தேடித்தான் அது வந்தது. பல சேர்வர்களில், அந்தப் பள்ளத்தை நீங்களே மூடிக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம்.

இப்போது அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கதைக்கு வருவோம். தாயோடு இரண்டு முறை கதைத்தேன். தொலைபேசியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த உலகத்தின் சொந்தக்காரப் பெடியனோடு கதைக்க ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். பிள்ளை நடந்ததைத் திகதி போட்டு எழுதி அனுப்பினாள். அவன் நல்ல பிள்ளை, வெட்கப்பட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு இரவு ஏழு மணி, கனடாவில் காலை ஒன்பதரை, ஒன்பது பிள்ளைகளும் காணொளி அழைப்பில் கூடினார்கள். தாயும் பின்னால் கதிரை போட்டு இருந்தார்.

அங்கே எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. "கேம் தானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்றான் உடைத்தவன். அதற்குப் பெரிய அண்ணன், "அப்ப உன்ர கோட்டையை நான் இப்ப உடைக்கட்டோ?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு விதி எழுதத் தொடங்கினார்கள்.

அன்று எழுதியவற்றில் இரண்டு விதிகளைச் சொல்கிறேன். ஒன்றைக் கொண்டுவந்தவள் இந்தப் பிள்ளைதான்: இல்லாதவருடைய பொருளில் கை வைப்பதில்லை. ஏதும் வேண்டுமென்றால் எழுதிக் கேட்டுவிட்டு ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒருவருக்குப் பகலாக இருக்கும்போது மற்றவர் உறக்கத்தில் இருப்பார். ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விதி தோன்றியிருக்காது. நாடுகளாகச் சிதறிய குடும்பத்துக்குத்தான் தோன்றும். மற்றதைக் கொண்டுவந்தது தாய். கிரீப்பர் கதையைப் பிள்ளைகள் விவாதித்துக்கொண்டிருக்க, "இதில என்ன யோசினை? கட்டாக்காலி மாடு வயலுக்க பூந்தால் மாட்டுக்காரன்தானே நட்டம் கட்டவேணும்?" என்றார். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய விதித்தாளில் அதற்கு 'மாட்டு விதி' என்று பெயர்.

பழைய வீட்டை மீட்க முடியவில்லை. சேமித்துவைத்த பிரதி மிகப் பழையதாக இருந்தது. உடைத்த பெடியன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு நாள் கல் சுமந்து உதவினான். அவனுடைய சிநேகிதன் மன்னிப்புக் கேட்க மறுத்ததால் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டான். பிள்ளை பழைய இடத்தில் கட்டவில்லை. ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டினாள். அவளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று தாய் நேரம் குறித்தார். இப்போது அண்ணனுக்கும் அதே ஒரு மணித்தியாலம்தான்.

இது உறவுக்காரப் பிள்ளைகளின் சிறிய உலகம். முன்பின் தெரியாதவர்கள் சேரும் பெரிய சேர்வர்கள் வேறு. அங்கே வீடு உடைவதைவிடப் பெரிய ஆபத்து, எழுதிப் பேசும் பகுதியில் வரும் அந்நியர்தான். வயதைக் கேட்பவர், படம் கேட்பவர், வேறு செயலிக்கு வரச்சொல்பவர், இலவசப் பொருள் தருவதாகச் சொல்பவர், அம்மாவுக்குச் சொல்லாதே என்பவர் எல்லோரையும் பிள்ளை உடனே வந்து சொல்லவேண்டும். சொன்னால் தொலைபேசி பறிபோகும் என்று பயந்தால் பிள்ளை சொல்லமாட்டாள். பறிப்பது பாதுகாப்பைக் குறைக்கிறது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கவனமாக நடத்தினால் இதே விளையாட்டு நன்மையும் செய்திருக்கிறது. கனடாவில் ஸ்ருவேட் டங்கன் என்ற தந்தை, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றச் சேர்வர்களில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாவதைக் கண்டு, 2013 இல் அவர்களுக்கென்றே ஒரு சேர்வர் திறந்தார். விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். ஐக்கிய நாடுகள் மனிதக் குடியிருப்புத் திட்டம் 2012 முதல், பொது இடங்களை மக்களே வடிவமைக்க இந்த விளையாட்டைப் பாவித்து வருகிறது. வியட்நாமில் ஹனோய் நகரை அண்டிய கிம் சுங் என்ற இடத்தில் பெண்பிள்ளைகள் தங்களுக்குப் பாதுகாப்பான தெரு எப்படி இருக்கவேண்டும் என்று இதிலே கட்டிக் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் பாடசாலை வீதியையும் பேருந்துத் தரிப்பிடத்தையும் இப்படிக் கட்டிக் காட்டச் சொன்னால், எந்த இடத்தில் மின்குமிழ் வேண்டும் என்று அவர்கள் எங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

ஆகவே, சகோதரிகளே, பிள்ளையின் பக்கத்தில் இருந்து இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியவேண்டியதில்லை.

1. இந்த உலகம் யாருடையது? அவரை எங்களுக்குத் தெரியுமா?

2. உள்ளே யாரும் வரலாமா, பெயர்ப்பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமா?

3. விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா? எனக்கு வாசித்துக் காட்டு.

4. யாராவது உன் வீட்டை உடைத்தால் யாரிடம் சொல்வாய்? சொன்னால் என்ன நடக்கும்?

5. நடத்துபவரின் நண்பன் உடைத்தாலும் அதே விதிதானா?

6. விதி பிழை என்று உனக்குத் தோன்றினால் அதை மாற்றச் சொல்ல உனக்கு இடம் இருக்கிறதா?

ஐந்தாவது, ஆறாவது கேள்விகளுக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை என்றால் அந்த உலகத்தை விட்டு வெளியே வரச்சொல்லலாம். அப்போதும் காரணத்தைச் சொல்லி, வேறொரு நல்ல உலகத்தைச் சேர்ந்து தேடிக்கொடுங்கள். மகளுக்கு வைக்கும் விதியை மகனுக்கும் வையுங்கள். மகன் யாருடைய வீட்டையாவது உடைத்துவிட்டு வந்தான் என்று அறிந்தால், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடாமல், திரும்பக் கட்டிக்கொடுத்துவிட்டு வா என்று அனுப்புங்கள். தான் உடைத்ததைத் தானே கட்டப் பழகிய பிள்ளை நாளைக்கு ஊரிலும் அப்படித்தான் நடக்கும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.